அப்பாவின் அலமாரியில் ஏறிய ஓதம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேலே மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆனால் திண்ணையின் மேல்படியைத் தாண்டவில்லை. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை என்று நானும் மனைவியும் நிம்மதியாக இருந்தோம்.

பத்து நாள் கழித்து, பின்கட்டு அறையின் சுவர் அலமாரியைத் திறந்த மனைவி, "இங்க வாங்களேன், உள்ள என்னமோ ஒரு வாடை" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். பட்டுப் புடவைகளில் கரும்புள்ளி. என் பழைய கோட்டின் காலரில் சாம்பல் நிறத்தில் பூசணம். கீழ்த்தட்டில் அப்பாவின் காகிதங்கள் வைத்திருந்த தோல்பை பச்சையாகியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் சரித்திரம் நடத்தியவன். என் வீட்டுச் சரித்திரம் முழுவதும் அந்தப் பைக்குள்தான் இருந்தது.

தண்ணீர் வீட்டுக்குள் வராமலே இது எப்படி நடந்தது? அதைத் தேடிப் போனதில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரின் கதையும் இருக்கிறது, நான் செய்த தப்பும் இருக்கிறது.

அலமாரி எப்போது வந்தது?

"அலமாரி" தமிழ்ச் சொல் இல்லை. போர்த்துகீசியரின் "அர்மாரியோ"தான் நம் வாயில் அலமாரி ஆனது. ஜன்னல், சாவி, மேசை எல்லாம் அவர்கள் கப்பலில் வந்து இறங்கிய சொற்களே. "பீரோ" பிரெஞ்சுச் சொல். அங்கே அது எழுதும் மேசைக்கும் அலுவலகத்துக்கும் பெயர். இங்கே இரும்புப் பெட்டகத்துக்குப் பெயராகிவிட்டது.

இந்தச் சொற்கள் வருமுன் நம் வீடுகளில் துணியையும் ஏட்டையும் எங்கே வைத்தார்கள்? விளக்குக்கும் சின்னச் சாமான்களுக்கும் சுவரில் மாடம். அன்றாடம் உடுத்தும் துணிக்குக் கொடி. நல்ல துணிக்கு மரப்பெட்டி அல்லது மூங்கில் பெட்டி. ஓலைச்சுவடிகள் அடுப்படிக்கு மேலே பரணில் இருக்கும். புகையும் சூடும் பட்டுக்கொண்டே இருப்பதால் பூச்சி அண்டாது, ஈரமும் தங்காது. இவற்றில் ஒன்றுகூடச் சுவரோடு சுவராக ஒட்டிக் கதவு போட்டு அடைத்தது இல்லை என்பதைக் கவனியுங்கள். மாடம் திறந்தே இருக்கும். கொடி காற்றில் ஆடும். பெட்டிக்குக் கீழே நாலு கால் இருக்கும்.

என் ஆயாவின் தேக்குப் பெட்டியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திறந்தால் வெட்டிவேரும் கற்பூரமும் கலந்த வாசனை வரும். பெட்டிக் கால்களுக்குக் கீழே நாலு செங்கல். "தரையில வச்சா ஓதம் ஏறிடும்டா" என்பார். ஓதம் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அவரிடம்தான். தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும் ஈரத்துக்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

உப்புக்காற்று ஊர்

புதுச்சேரிக்கு ஓதம் புதிதல்ல. கடலோர மணல், கையெட்டும் ஆழத்தில் நிலத்தடி நீர், வருடம் முழுக்க உப்புக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வருடத்து மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்தில்தான்.

நாம் இன்று பெருமையாகச் சொல்லும் சதுரம் சதுரமான தெருக்களுக்கு முதலில் வரைபடம் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693 முதல் 1699 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பின் பழைய அஸ்திவாரங்களின் மேலேயே ஊர் மறுபடி எழுந்தது. நடுவில் பெரிய வாய்க்கால். கிழக்கே கடல் பக்கம் பிரெஞ்சுக்காரர் வீடுகள், மேற்கே தமிழர் வீடுகள்.

இரண்டு பக்கத்துக்கும் முகம்தான் வேறு. கிழக்கே உயர்ந்த மதில், பெரிய கேட், வளைவு வாசல், சாய்வுப் பட்டை வைத்த ஜன்னல் கதவு. மேற்கே திண்ணை, தெருவுக்கு நிழல் தரும் தாழ்வாரம், உள்ளே முற்றம். ஆனால் சுவரின் உடம்பு இரண்டு பக்கமும் ஒன்றே. செங்கல்லும் சுண்ணாம்பும். மேலே தேக்கு உத்திரம், அதன்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம்.

அந்தச் சுண்ணாம்பில்தான் சூட்சுமம். கிளிஞ்சலைச் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, நாள்கணக்கில் புளிக்க வைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசுவார்கள். பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகும். அப்படிக் கல்லானாலும் அதில் நுண்ணிய துளைகள் திறந்தே இருக்கும். அடியிலிருந்து ஏறும் ஈரம் அந்தத் துளைகள் வழியே ஆவியாக வெளியேறிவிடும். ஈரத்தோடு வரும் உப்பு பூச்சின் மேல் வெள்ளையாகப் பூக்கும். பூச்சு கொஞ்சம் உதிரும். அடுத்த வருடம் மறுபடி வெள்ளை அடித்துவிடுவார்கள். பூச்சு தேய்ந்து செங்கல்லைக் காப்பாற்றும். அது தேய்வதற்காகவே பூசப்பட்டது.

இப்போது யோசித்தால் இன்னொன்றும் புரிகிறது. சரஸ்வதி பூஜை மழைக்குச் சற்று முன்னால் வருகிறது. அன்று புத்தகங்களையும் ஏடுகளையும் வெளியே எடுத்துத் தூசி தட்டித் துடைக்கிறோம். போகி மழை முடிந்த கையோடு வருகிறது. அன்று பரணையும் பெட்டியையும் காலி செய்து, கெட்டுப்போனதைக் கழித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் பிழைக்காது. பண்டிகையின் காரணம் இதுதான் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் மழைக்கு முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை அலமாரியைத் திறக்க வைக்கும் நாட்காட்டி நம்மிடம் இருந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் கடைசியாகப் போகிக்குச் சுண்ணாம்பு அடித்தது எப்போது என்று கேட்டால் பதில் இல்லை.

காகிதம் பிழைத்த கதை

இந்த ஊரில் காகிதம் பிழைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையைவிட நல்ல உதாரணம் இல்லை. துய்ப்ளெக்ஸின் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761இல் தாம் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். ஊர் ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாட்கள் முன்புதான் அவர் கண் மூடினார். அவர் வீடு ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கிறது. கீழ்க்கட்டு மரத்தூண்களோடு தமிழ் வீடு, மாடி பிரெஞ்சு வீடு.

அந்த நாட்குறிப்பை 1846இல்தான் கல்வா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் வெளி உலகத்துக்குத் தெரியப்படுத்தினார். அதாவது எழுதியவர் இறந்து 85 வருடம் கழித்து. ஊர் இடிந்து எழுந்து, எத்தனையோ மழைக்காலம் கடந்து, காகிதத்தில் எழுதிய தமிழ் அப்போதும் படிக்கும்படி இருந்தது. அப்போதே பிரதிகள் எடுத்தார்கள். ஒரு பிரதி பாரீசுக்குப் போனது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. பிரதி எடுத்ததால்தான் இன்று நம்மிடம் அது இருக்கிறது. இதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! என் அப்பாவின் காகிதங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுக்கத் தோன்றவில்லை.

கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிக் கட்டுகள். சைவ சித்தாந்தச் சுவடிகளின் மிகப்பெரிய தொகுப்பு அது. 2005இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் ஓலைகளைக் காப்பாற்ற முடிகிறது என்றால், எடுத்துப் பார்க்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். என் அலமாரியில் அந்த ஆள்தான் இல்லை.

நான் செய்த தப்பு

எங்கள் பின்கட்டுச் சுவர் அலமாரி தாத்தா காலத்தது. ஒன்றரை அடிக்கும் அதிகமான கனமுள்ள சுவரில் விட்ட குழி. தேக்குக் கதவு. கதவின் மேல்பாதியில் ஜன்னலுக்கு வைப்பது போலவே சாய்வுப் பட்டைகள். மூடியிருந்தாலும் காற்று நுழையும். சிறுவயதில் நான் அந்தப் பட்டைகளுக்கு நடுவே விரலை விட்டு மாட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

1996இல் வீட்டைப் "புதுசு பண்ணினேன்". சுவரின் கீழ்ப்பகுதியில் சுண்ணாம்பு உதிர்வது அசிங்கமாக இருந்தது. அதைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசச் சொன்னேன். மேலே எனாமல் பெயிண்ட். தேக்குக் கதவை எடைக்குப் போட்டுவிட்டு, குழிக்குள் அளவாக மைக்கா ஒட்டிய பிளைவுட் பெட்டி செய்து இறுக்கினேன். கதவுக்குக் காந்தப் பூட்டு. தூசி ஒரு துளி போகாது என்று தச்சர் சொன்னபோது எனக்குச் சந்தோஷம். அப்பா அப்போது இல்லை. அம்மா மட்டும், "அந்தக் கதவையாவது வச்சிருக்கலாம்" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

நடந்தது இதுதான். சிமெண்ட் பூச்சு நெருக்கமானது. ஏறிய ஓதத்துக்கு வெளியேற வழி இல்லை. வழி தேடி அது சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறியது. முன்பு முழங்கால் உயரத்தில் நின்ற ஈரம் இப்போது இடுப்பு உயரத்துக்கு வந்தது, அதாவது அலமாரியின் கீழ்த்தட்டுக்கு. பின்சுவர் எப்போதும் சில்லென்று இருக்கும். மூடிய பெட்டிக்குள் நின்ற காற்றின் ஈரம் அந்தச் சில்லிப்பில் பட்டுப் படியும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். பருத்தி, பட்டு, தோல், காகிதம், பசை எல்லாம் அதற்குச் சாப்பாடு. இருபத்தெட்டு வருடம் நான் அதற்கு விருந்து வைத்திருக்கிறேன். ஃபெஞ்சல் மழை கடைசிப் பந்தி.

சுண்ணாம்பு ஒரு மந்திரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1870களின் தொடக்கத்தில் கட்டிய நம் மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதுவும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். பல வருடம் கவனிப்பாரின்றிக் கிடந்த கட்டடம். பிறகு பழைய முகத்தோடு புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். பழைய வீடு ஆளைக் கேட்கும். கவனித்தால் நிற்கும்.

புதிய பொருள்தான் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி முழுக்கக் கான்கிரீட். அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் பின்பாதியில் தொடங்கி 1940களில் முடிந்தது. வடக்கும் தெற்கும் சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய பட்டைகள். அறைக் கதவுகள்கூட இடைவெளி விட்ட தேக்குப் பட்டைகள். வெயிலும் மழையும் உள்ளே வராது, காற்று வரும். நான் எடைக்குப் போட்ட கதவு செய்த வேலையை அங்கே ஒரு கட்டடமே செய்கிறது.

என்ன செய்தோம்

பழைய வீட்டு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "சார், சுவத்துக்கு ரெயின்கோட் போட்டு விட்டிருக்கீங்க. உள்ள வேர்த்துக் கிடக்கு" என்றார். சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, சுவரை இரண்டு மாதம் வெறும் செங்கல்லாகக் காய விட்டோம். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. பெயிண்ட் இல்லை. குழிக்குள் பிளைவுட் இல்லை. நாலு தேக்குப் பலகை, பின்சுவரைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி. கதவில் மறுபடி சாய்வுப் பட்டை. கொல்லைப்புறம் சுவரோரம் தண்ணீர் தேங்கிய இடத்தைச் சரிசெய்து வாட்டம் விட்டோம். உண்மையில் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

சுவரை உடைக்க முடியாத அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் சில வழிகள் உண்டு. வெளிச்சுவரில் பீரோவை ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி வையுங்கள். துணியை நெருக்கி அடைக்காதீர்கள். அரைக்காய்ச்சலாகக் காய்ந்த துணியை மடித்து வைப்பதைவிட நாற்காலியில் போட்டு வைப்பது மேல். வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்து வைத்து மின்விசிறியைத் திருப்பி விடுங்கள். வெளியே மழை கொட்டும்போது மூடியே இருக்கட்டும். அந்துருண்டையை நம்பாதீர்கள். அது பூச்சிக்குத்தான், ஈரத்தை ஒன்றும் செய்யாது. வாடையை மறைத்து, பூசணம் வளர்வதே தெரியாமல் செய்துவிடும். வசம்பும் நொச்சியும் அப்படித்தான், பூச்சிக்கு மட்டும். ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் நல்லது. சூடு காட்டினால் திரும்பப் பயன்படும். சின்ன ஈரப்பத மானி ஒன்று வாங்கி உள்ளே வைத்தேன். அறுபதைத் தாண்டினால் கதவைத் திறக்கிறேன். என் சரஸ்வதி பூஜை இப்போது அந்த முள்தான்.

காகிதம் நனைந்தால் பிரிக்க முயலாதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். நிழலில், விசிறிக் காற்றில், வெள்ளைக் காகிதம் இடையிட்டு, பொறுமையாக உலர்த்துங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் உலர்ந்துவிட வேண்டும். இது எனக்குத் தாமதமாகத் தெரிந்தது.

அப்பாவின் தாள்

தோல்பையில் வீட்டுப் பத்திரம் இருந்தது. பிரெஞ்சில், நொத்தேர் முத்திரையோடு. ஓரம் போனாலும் படிக்க முடிகிறது. அப்பாவின் பிறப்புச் சான்று, பெரியப்பா இந்தோசீனாவிலிருந்து போட்ட இரண்டு கடிதங்கள். பெரியப்பா சொல்தாவாகப் போனவர், அப்படியே பிரான்சில் தங்கிவிட்டார். இவற்றோடு ஒட்டிக்கொண்டு, நான் இதுவரை பார்த்திராத ஒரு தாள்.

1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அன்று இங்கே குடியிருந்தவர்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதை நான் வகுப்பில் இரண்டு வரியில் முடித்துவிடுவேன். அந்தத் தாள் அப்படிப்பட்ட ஒரு விருப்பக் கடிதம். அப்பாவின் கையெழுத்து நடை. தேதி 1963 ஜனவரி. பிரெஞ்சில் நாலைந்து வரி. கீழே, தம் பிள்ளைகள் பெயர். என் பெயர் இருந்தது. எனக்கு அப்போது ஏழு வயது.

அப்பா அதைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவரோடு நானும் பிரெஞ்சுக் குடிமகன். வீட்டில் இதைப்பற்றி ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. தாளின் கீழ்ப்பகுதி, கையெழுத்துப் போட வேண்டிய மூலை, பூசணத்தில் கரைந்து பின்னால் இருந்த உறையோடு ஒட்டிவிட்டது. ஆவணப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். பிரித்தால் மிச்சமும் போகும் என்றார்.

எனவே அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் கொண்டுபோகாமல் இருந்தாரா, அல்லது எழுதிய கையோடு மனம் மாறி மடித்து வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. அம்மா இல்லை, பெரியப்பா இல்லை. 1996 வரை அந்தத் தாள் 33 மழைக்காலத்தை அந்தத் தேக்குக் கதவுக்குப் பின்னால் பத்திரமாகக் கழித்திருக்கும். அந்தப் பையை நானேதான் எடுத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல், புது பிளைவுட் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன்.

இப்போது எல்லாவற்றையும் படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவிட்டேன். அசலை மேல்தட்டில், காற்றுப்படும் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். இந்த வருடம் போகிக்கு மறுபடி சுண்ணாம்பு அடிக்கப் போகிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு கீழ்த்தட்டு இருக்கும். மழை வருமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.